என்னைக் கேட்டே ஆகணும்

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நாமக்கல்லுல இருந்து இந்த வெயில்ல வந்திருக்கீங்க. சரசு, தம்பிக்கு மோர் கொண்டா. உப்புக் கம்மியா.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. உங்க மாமனாரு போன்லயே சொல்லிட்டாரு. பஸ்ஸு கட்டற உங்க பட்டறைக்கு ஒரு ஃபோர்மேன் வேணும். சேஸிஸ் வந்து எறங்கறதுல இருந்து பெயிண்ட் காயற வரைக்கும் ஒரே ஆளு பாத்துக்கணும். அவரு வெச்சதுதான் சட்டம். நான் வருவனா மாட்டனான்னு இன்னைக்கே தெரியணும். அவ்வளவுதானுங்களே? சொல்றேன். சொல்லாம உங்களை அனுப்பமாட்டேன்.

ஆனா உங்க மாமனாரு பேச்சோட பேச்சா ஒண்ணு கேட்டாரு பாருங்க. "கரூர்ல உங்க அதிகாரத்தை எல்லாம் புடுங்கிட்டாங்களாமே நாச்சிமுத்து"ன்னு. எவன் போய்ச் சொன்னானோ தெரியல. அதுக்கு விவரம் சொல்லாம வர்றேன்னாலும் தப்பு, வல்லேன்னாலும் தப்பு. வந்தா, புடுங்கிட்டாங்க அதான் ஓடி வந்துட்டான்னு ஆயிரும். வல்லேன்னா, புடுங்கியும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கறான்னு ஆயிரும். அதனால நடந்ததை மொதல்ல கேட்டுக்குங்க. பஸ்ஸு கெடக்குது, நாமக்கல்லுக்கு என்ன, நிமிசத்துக்கு ஒண்ணு.

நான் இந்தப் பட்டறைக்கு வரும்போது எனக்கு மீசை மொளைக்கல. தகரம் தூக்கற வேலை. பகல்ல தகரம், பொழுது சாஞ்சா ராப் பள்ளிக்கூடம். பத்தாவது பாஸ் பண்ணினது அங்கதான். தூங்கிக்கிட்டே படிச்சதுங்க, ஆனாப் பாஸ். இப்ப பட்டறையில இருக்கற பாதிப்பேருக்கு வேலை கத்துக் குடுத்ததே நான்தான். நான் ஃபோர்மேன் ஆனதும் ஒரு பழக்கம் கொண்டாந்தேன். எதையும் நானா முடிவு பண்றதில்ல. இதை நல்லாக் கேட்டுக்குங்க தம்பி, ஏன்னா எல்லாச் சண்டையும் இங்கதான் ஆரம்பிச்சது. நான் எதையும் தனியா முடிவு பண்ணினதே இல்லீங்க.

காலையில டீ வரும். எல்லாரும் வேலை நடக்கற வண்டிகிட்ட வந்து கூடுவாங்க. வெல்டிங் பாக்கற பையன் சாதிக்கு, பெயிண்டர் ஆரோக்கியம், சீட்டுத் தைக்கற மயிலாத்தா, அவங்க ஆளுக. அன்னைக்கு என்ன வேலை, எதுல சிக்கல், எல்லாத்தையும் அங்கயே பேசறது. ஜன்னலு பெருசாப் போச்சுன்னா பேசறது. சீட்டு நெருக்கமா இருக்குதுன்னா பேசறது. ஆளாளுக்குப் பேசுவாங்க. நான் பாட்டுக்கு டீயைக் குடிச்சுக்கிட்டுக் கேப்பேன். குடிச்சு முடிச்சதும் டம்ளரை சேஸிஸ் மேல வெப்பேன். எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. இப்படியே வருசக்கணக்கா ஓடுச்சு. இதுல அதிகாரம் எங்கீங்க இருக்குது? எல்லாரும் பேசி எல்லாரும் முடிவு பண்றது. இதைத்தான் ராப் பள்ளிக்கூடத்துல ஜனநாயகம்னு சொல்லிக் குடுத்தாங்க.

மோர் வந்துருச்சு, குடிங்க.

போன தை மாசம் எனக்கு டைபாய்டு வந்துருச்சு. படுத்த படுக்கை. நான் படுத்தனுங்க, பட்டறையும் படுத்துருச்சு. அப்ப ஒரு பள்ளிக்கூடத்து வண்டி கட்டிக்கிட்டு இருந்தோம். கம்பிச் சட்டம் எல்லாம் நிறுத்தியாச்சு. கதவை முன் சக்கரத்துக்கு முன்னாடி வெக்கறதா பின்னாடி வெக்கறதான்னு ஒரு பேச்சு வந்திருக்குது. பேசியிருக்கறாங்க. டீ குடிச்சிருக்கறாங்க. திரும்பப் பேசியிருக்கறாங்க. மறுநாளும் அதே. நான் திரும்பப் போற வரைக்கும் அந்த வண்டிக்குக் கதவே இல்லீங்க. ஆளு ஏற முடியாத பஸ்ஸு ஒண்ணு பட்டறை நடுவுல நின்னுக்கிட்டு இருந்துச்சு.

நான் எளச்சுப் போயி, சட்டை தொளதொளன்னு போய் நின்னேன். எல்லாரும் ஓடி வந்தாங்க. மயிலாத்தாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "வந்துட்டீங்களாண்ணா, சாமி புண்ணியம்"ன்னா. டீ வந்துச்சு. கதவைப் பத்திப் பேசினாங்க. நான் டீயைக் குடிச்சேன். சாயங்காலத்துக்குள்ள கதவு வந்துருச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. இத்தனை பேரு என்மேல இவ்வளவு பிரியம் வெச்சிருக்கறாங்களேன்னு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

மொதலாளிக்கு நெறையல. சென்னியப்பன்னு பேரு, நல்ல மனுசன், ஆனா எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்குவாரு. என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா நாச்சிமுத்து, உனக்குக் காச்சல்னா எனக்கேன்பா குளுரு அடிக்கோணும்?"ன்னாரு. நான் அதைப் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். பாராட்டுத்தானுங்களே அது? இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன்.

அடுத்த வாரம் கோயமுத்தூர்ல இருந்து ஒரு மேடத்தைக் கூட்டியாந்தாரு. வசுமதி மேடம். கம்பெனி கம்பெனியாப் போயி, எந்த வேலையில யாரு முடிவு எடுக்கோணும், யாரு யாரைக் கேக்கோணும்னு ஒழுங்கு பண்ணிக் குடுக்கறது அவங்க தொழில். இப்படி ஒரு தொழில் இருக்குதுன்னே எனக்கு அப்பத்தான் தெரியும். குத்தம் சொல்லலீங்க. நல்ல மரியாதையான அம்மா. பட்டறைக்குள்ள செருப்பு போடலாமான்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. ஆணி ஏறிடும் மேடம், போட்டுக்கங்கன்னேன்.

ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டு, "இங்க யாரு முடிவு பண்றாங்க?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரி, "எல்லாரும் சேர்ந்துதானுங்க மேடம்"ன்னாங்க. நானும் அதையேதான் சொன்னேன். நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கலீங்க, அவங்களாச் சொன்னது. அப்புறம் மேடம் ரெண்டு மூணு நாளு டீ நேரத்துல எங்களோட நின்னு டீ குடிச்சாங்க. அவ்வளவுதான். எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கோணும். வேலையில்லாம நின்னு டீ குடிக்கறவங்க என்னமோ பாத்துக்கிட்டு இருக்கறாங்கன்னு அர்த்தம்.

அப்புறம் ஒரு நாளு கூட்டம் போட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் உக்கார எடமில்ல. கட்டிக்கிட்டு இருந்த ஒரு வண்டிக்குள்ளயே போட்டோம். சீட்டு மாட்டல, வெறும் பலகைதான். எல்லாரும் பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு உக்காந்தோம். மேடம் டிரைவர் சீட்டு வர்ற எடத்துல நின்னாங்க. மொதலாளி கடைசி வரிசை எடத்துல, ஓசி டிக்கெட்டு மாதிரி ஓரமா உக்காந்துக்கிட்டாரு.

மேடம் தெளிவாத்தான் சொன்னாங்க. ஒரு கூட்டம் முடிவு எடுக்கறதுக்கு நாலு வழி இருக்குதாம். ஒருத்தரே முடிவு பண்ணிட்டு மத்தவங்களுக்குச் சொல்றது ஒண்ணு. கையைத் தூக்கி ஓட்டுப் போடறது ஒண்ணு. எல்லாரும் சரிங்கற வரைக்கும் பேசறது ஒண்ணு. ஒருத்தரு, யாரைக் கேக்கோணுமோ அவங்களை எல்லாம் கேட்டுட்டு, கடைசியில அவரே முடிவு பண்ணி அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கறது ஒண்ணு. "உங்களுக்கு எது ஒத்து வரும்னு நீங்களே பேசி எடுங்க, நான் சொல்லமாட்டேன்"ன்னாங்க.

ஆரோக்கியம், "ஓட்டே போட்டுரலாம் மேடம்"ன்னான்.

"ஓட்டுப் போட்டா வெல்டிங்குல ஆளு எச்சு. சீட்டுல நாங்க நாலு பொம்பளைங்கதான்"னா மயிலாத்தா. "அப்புறம் சீட்டுக்கு என்ன துணின்னும் வெல்டிங்குக்காரங்கதான் சொல்லுவாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச துணி சாக்குத்தான்."

சாதிக்கு சிரிச்சுக்கிட்டே, "சாக்கு காத்தோட்டமா இருக்கும் அக்கா"ன்னான்.

"உன் வண்டியில நீ போட்டு உக்காரு சாமி."

நான் பேசினேன். "மேடம், மூணாவது வழி, எல்லாரும் சரிங்கற வரைக்கும் பேசறது, அதைத்தான் நாங்க இத்தனை வருசமாப் பண்றோம். புதுசா எதுக்கு?"ன்னேன்.

மேடம் மத்தவங்க பக்கம் திரும்பி, "பேச்சு முடிஞ்சுதுன்னு நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"ன்னு கேட்டாங்க.

மயிலாத்தாதான் வெள்ளந்தியாச் சொல்லிப்போட்டா. "அண்ணன் டம்ளரைக் கீழ வெப்பாருங்க மேடம். அப்ப யாரு பேசினதோ அது முடிஞ்ச மாதிரி."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "டீ தீந்துச்சுன்னா டம்ளரைக் கீழ வெக்காம தலையிலயா வெச்சுக்குவாங்க?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்கண்ணா"ன்னான் சாதிக்கு. "அன்னைக்கு நான் கேரியர் கம்பியைப் பத்திப் பேசறப்போ டம்ளர் காலியாத்தான் இருந்துச்சு. காலி டம்ளரை வாயில வெச்சுக்கிட்டே நின்னீங்க. ஆரோக்கியம் அண்ணன் பேசின பொறகுதான் கீழ வெச்சீங்க."

எப்படிப்பட்ட அபாண்டம் பாருங்க. அடியில சர்க்கரை தங்கியிருக்கும், அதை நான் விடறதில்ல, சரசுவைக் கேட்டுப் பாருங்க. சரசு, நான் அடிச் சர்க்கரையைக் குடிக்கறனா இல்லியா? சொல்லமாட்டா. மோர் கடையறா.

சரி, அப்படின்னா இன்னைக்கு வெக்கறதில்லன்னு இருந்தேன். அந்தக் கூட்டத்துலயும் டீ குடுத்திருந்தாங்க. டம்ளரைக் கையிலயே வெச்சுக்கிட்டேன். பேசட்டும். என்னாலதானே முடிவாகுதுங்கறாங்க, நான் இல்லாம முடிவு பண்ணட்டும். பேசினாங்க. சுத்திச் சுத்திப் பேசினாங்க. ஓட்டுங்கறான் ஒருத்தன், வேண்டாங்கறா இன்னொருத்தி. பேசறது மேடத்தைப் பாத்து, கண்ணெல்லாம் என் கையில. மொதலாளியும் பாக்கறாரு. அந்த டம்ளருல ஈ வந்து உக்காந்துச்சுங்க, நான் அசையல. வெயிலு ஏறித் தகரம் காந்துது. எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது. எனக்கும்தான்.

கடைசியில மயிலாத்தா எந்திரிச்சு வந்தா. என்ற கையில இருந்து டம்ளரை வாங்கி, எல்லா டம்ளரும் இருந்த தட்டுல வெச்சா. வெச்சாளோ இல்லியோ, அத்தனை பேரும் எந்திரிச்சுப் பின்னாடி தூசியைத் தட்டிக்கிட்டு வண்டியை விட்டு எறங்கிட்டாங்க.

மேடம், "இருங்க, இருங்க, என்ன முடிவாச்சு?"ன்னு கேட்டாங்க.

எல்லாரும் கீழ நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க. ஒருத்தருக்கும் தெரியலீங்க. மொதலாளியும் பாதி எறங்கியிருந்தாரு, படியிலயே உக்காந்துட்டாரு. சிரிக்கறாரா அழுகறாரான்னு தெரியல.

அப்ப சாதிக்குத்தான் திரும்பி மேல ஏறி வந்து, "மேடம், நாலாவது வழிங்க. கேட்டுட்டு ஒருத்தர் முடிவு பண்றது. ஒவ்வொரு வேலைக்கும் ஒருத்தர் பேரு போட்டுருங்க"ன்னான். என்னைப் பாக்காமச் சொன்னான். நான் வெல்டிங் ராடு புடிக்கச் சொல்லிக் குடுத்த பையன்.

அப்புறம் பேரு போட்டாங்க. காயிதத்துல போட்டாப் பட்டறையில நிக்காதுன்னு, ஒரு மிச்சத் தகட்டுல ஆரோக்கியத்தை விட்டு எழுதச் சொன்னாங்க. அவனுக்குத் தெரிஞ்சது பஸ்ஸு எழுத்துத்தான். கரூர்-ஈரோடுன்னு எழுதற மாதிரி நிழல் விட்டு, பார்டர் போட்டு எழுதிட்டான். கதவு, படி, சட்டம், முடிவு எடுப்பவர் சாதிக். சீட்டு, துணி, கைப்பிடி, மயிலாத்தாள். பெயிண்ட், எழுத்து, ஆரோக்கியம். அவன் பேரை மட்டும் அவன் சித்த பெருசா எழுதிக்கிட்டான். ஒவ்வொண்ணுக்கும் கீழ, கேட்டே ஆக வேண்டியவர், நாச்சிமுத்து. நாச்சிமுத்து. நாச்சிமுத்து. அந்தப் பலகையில ரொம்ப எடத்துல இருக்கறது யாரு பேருன்னா என்ற பேருதானுங்க. ஆனா மஞ்சள்ல. முடிவு எடுக்கறவங்க சிவப்பு.

வண்டி வெளிய போற நாளு கடைசியாப் பாத்து அனுப்பறது மட்டும் என்ற முடிவா இருக்கட்டும்னு மேடம் கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். எல்லாத்தையும் எடுத்துட்டு வாசல்ல நின்னு கும்புடு போடற வேலை எதுக்குங்க எனக்கு? அந்த எடத்துல மொதலாளி பேரு போட்டாங்க. எனக்குச் சிவப்பே வேண்டாம். மஞ்சளு போதும். மஞ்சளு மங்களம்.

இப்ப நீங்க கேக்கலாம், அப்ப புடுங்கினது நெசந்தானேன்னு. இருங்க, இன்னும் முடியல.

நானும் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். என்னைக் கேட்டே ஆகணும்னு எழுதியாச்சு. கேக்கற வரைக்கும் வாயைத் தெறக்கறதில்ல. பக்கத்துல நிப்பேன், பாப்பேன், பேசமாட்டேன். மொத ரெண்டு நாளு பட்டறை அவ்வளவு அமைதியா இருந்துச்சுங்க. மூணாவது நாளு சாதிக்கு வந்து நின்னான்.

"அண்ணா, உங்களைக் கேக்கோணும்."

"கேளு. எழுதியிருக்குதுல்ல."

"அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னொரு வண்டி கேட்டிருக்கறாங்க. மொதப் படி சின்னக் குழந்தைங்களுக்கு ஒசரமா இருக்குதாம், ஆயாம்மா ஒவ்வொண்ணாத் தூக்கி வெக்கறாங்களாம். மயிலாத்தா அக்கா சொன்னாங்க, அவங்க பேத்தியும் அங்கதான் படிக்குது. கீழ ஒரு மடக்குப் படி வெக்கலாம்னு இருக்கறேன். கதவு தெறந்தா எறங்கோணும், மூடினா ஏறிக்கோணும்."

"வேண்டாம்."

"ஏனுங்கண்ணா?"

"ஒசரம் கவர்மெண்டு சொன்ன அளவுக்குள்ளதான் இருக்குது. அதுக்கும் கீழ ஒண்ணைத் தொங்க விட்டா வேகத்தடையில தட்டும். மழைக்காலத்துல சேறு புடிச்சு மடங்காது. நான் கட்டின வண்டியில எந்தக் குழந்தையும் ஏறாம நின்னதில்ல. பழைய மாதிரியே வை."

அவன் தலையை ஆட்டினான். "கேட்டுக்கிட்டேண்ணா"ன்னான். போயிட்டான்.

நான் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். சாயங்காலம் பாத்தா, மடக்குப் படிக்குக் கம்பி அறுத்துக்கிட்டு இருக்கறான்.

தம்பி, என்னைக் கேக்காமச் செஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு வருத்தம் இல்ல. கேக்கல, திமிருன்னு போயிரலாம். இவன் கேட்டான். நின்னு, மரியாதையா, கையைக் கட்டிக் கேட்டான். கேட்டுட்டு மாத்திச் செய்யறான். இது எந்த ஊரு நியாயம்? நேரா மொதலாளிகிட்டப் போனேன். அவரு ஜன்னல் வழியாப் பலகையைப் பாத்தாரு. "படி சாதிக்கோட முடிவுன்னு போட்டிருக்குது நாச்சிமுத்து. உன்னைக் கேட்டானா?"

"கேட்டானுங்க."

"அப்பச் சரி."

என்ன சரி? திரும்ப வந்து சாதிக்குகிட்டயே நின்னேன். "தட்டும்டா"ன்னேன்.

"அதான் அண்ணா, நீங்க சொன்னதுக்காக ஒரு சாண் உள்ள தள்ளி வெக்கறேன். வேகத்தடைக்குச் சிக்காது. அடியில சல்லடை மாதிரி கம்பிதான், சேறு தங்காது."

"ஒடஞ்சா?"

"என்ற பேருதான் சிவப்புல இருக்குது."

சொல்லிட்டான், ஆனாக் கைக்கு வேலை படியலீங்க. எனக்குத் தெரியாதா அவன் கை. வெல்டிங் பத்த வெக்கறான், கம்பி நகருது, கோணலாப் புடிக்குது, தட்டி எடுக்கறான், திரும்ப வெக்கறான். எத்தனை நாளு இப்படி ஒரு வேலைய அவனாச் செஞ்சிருக்கறான்? எப்பவும் பக்கத்துல நான் இருப்பேன். எனக்குப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. குந்த வெச்சு உக்காந்து, அந்தப் படியைப் பிடிச்சேன். யாராவது ஒருத்தர் பிடிச்சாத்தானே நேரா வரும். அதுக்காக நான் ஒத்துக்கிட்டேன்னு இல்ல. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டேதான் பிடிச்சேன். "இது ஒடையும், சித்த எடதுபக்கம் தூக்கு, இது ஒடையப் போகுது, இப்ப பத்த வை"ன்னு. மயிலாத்தா அந்தப் பக்கமாப் போனவ, "ஏனுங்கண்ணா, திட்டறீங்களா, வேலை சொல்றீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போறா. அவளுக்கு வாயி எச்சு.

வண்டியை எடுத்துக்க வந்த அன்னைக்கு ஆயாம்மாவும் வந்திருந்தாங்க, மயிலாத்தா பேத்தியும் வந்திருந்துச்சு. கதவைத் தெறந்தாங்க, படி எறங்குச்சு. அந்தப் புள்ள யாரு கையும் பிடிக்காமத் தபதபன்னு ஏறிப் போயி ஜன்னலோரமா உக்காந்துக்கிச்சு. எல்லாரும் கையைத் தட்டினாங்க. நான் தட்டல. அது சித்த ஒசரமான புள்ளைங்க. வயசுக்கு மீறின ஒசரம். பழைய படியிலயும் ஏறியிருக்கும்.

அந்தப் படி இன்னும் ஒடையல. ஒடையும். பள்ளிக்கூடத்துல எல்லா வண்டிக்கும் அதே மாதிரி வெச்சுத் தரச் சொல்லியிருக்கறாங்க. எல்லாம் சேர்ந்து ஒடையும். ஆனா ஒண்ணு தம்பி, உள்ள தள்ளி வெச்சது என்ற யோசனை. நான் தட்டும்னு சொல்லலைன்னா அவன் வெளிய வெச்சிருப்பான், மொத வேகத்தடையிலயே போயிருக்கும். அதையும் கணக்குல சேத்துக்கோணும். சாதிக்கே அன்னைக்கு மொதலாளிகிட்ட, "அண்ணன் சொல்லித்தான் உள்ள வெச்சேன்"னான். எதுக்குச் சொன்னான்? நான் கேட்டனா? என்னைக் கேக்காம என்ற பேரை எதுக்கு இழுக்கறான்? ரெண்டு நாளு அவன்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

மூணு மாசம் ஆச்சு. இப்ப தெனம் ஒருத்தர் வந்து கேக்கறாங்க. ஆரோக்கியம் வந்து, "அண்ணா, ஆரஞ்சுல கருப்பு எழுத்து எடுக்குமா?"ங்கறான். எடுக்காதுன்னு சொல்றேன். நீலத்துல எழுதிட்டான். நான் சொன்னது வெள்ளை. மயிலாத்தா வந்து, "அண்ணா, கைப்பிடிக்கு ரப்பர் சுத்தட்டா?"ங்கறா. சுத்துன்னேன், சுத்தினா. என்னமோ தப்பாச் சொல்லிட்டமோன்னு அன்னைக்கு முழுக்க எனக்கு யோசனை. முன்னெல்லாம் பேசாமலே எல்லாம் நடக்கும். இப்ப வாயைத் தெறந்து, ஏன் எதுக்குன்னு காரணம் சொல்லோணும். தொண்டை கட்டிக்குது. போன வாரம் எனக்கு ரெண்டு நாளு பல்லு வலி, போகல. பட்டறை நிக்கலீங்க. வேலை அது பாட்டுக்கு நடந்திருக்குது. யாரும் கண்ணுகூடக் கலங்கல. மயிலாத்தா, "பல்லைப் புடுங்கியாச்சாண்ணா?"ன்னா. அவ்வளவுதான்.

இப்பச் சொல்லுங்க. புடுங்கினாங்களா, இல்லியா? என்ற கையில இருந்தா எடுக்கறதுக்கு? நான்தான் ஆரம்பத்துலயே சொன்னனே, நான் எதையும் தனியா முடிவு பண்ணினதே இல்லன்னு. இல்லாததை எப்படிங்க புடுங்க முடியும்? உங்க மாமனாருகிட்ட இதை அப்படியே சொல்லுங்க.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன்.

உங்க மாமனாரு போன் பண்ணினதும் நானும் நாலு பேரைக் கேட்டேன். சரசுவைக் கேட்டேன். போலாங்கறா. நாமக்கல்லுல மக இருக்கறா, பேரனைத் தெனம் பாக்கலாமாம். மொதலாளியைக் கேட்டேன். "உன் இஷ்டம் நாச்சிமுத்து"ன்னாரு, சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சாதிக்கையும் கேட்டேன். ஆமாங்க, அவனைத்தான் கேட்டேன். நான் வளத்த பையன், கேக்கக் கூடாதா? "போங்கண்ணா, அங்க ராஜா மாதிரி இருக்கலாம்"ங்கறான். சொல்லிட்டு நின்னுக்கிட்டே இருக்கறான். போகமாட்டேங்கறான். "என்னடா?"ன்னேன். "ஒண்ணுமில்லீங்கண்ணா"ன்னான்.

ஆக, கேட்டவங்கள்ல வேண்டாம்னு சொன்னவங்க யாருமில்ல.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. உங்க பட்டறையில நான் ஒண்ணு சொன்னா, வேண்டாம்னு சொல்றதுக்கு யாராச்சும் இருக்கறாங்களா?

இல்லியா. ஒருத்தரும் பேசமாட்டாங்களா. நான் சொன்னா அப்படியே செஞ்சுருவாங்களா.

நல்ல பட்டறைங்க. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

நான் வல்லீங்க தம்பி. மாமனாருகிட்டச் சொல்லிருங்க. சரசு அப்படிப் பாக்காதே, உன்னையும் கேட்டேன், நீ சொன்னதையும் கேட்டுக்கிட்டேன். பேரனை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கலாம். பயந்துக்கிட்டு இருக்கறான், ஒட்டிக்கிட்டு இருக்கறான்னு எவன் என்ன வேணும்னாலும் பேசிக்கட்டும். நாளைக்குக் காலையில புது சேஸிஸ் ஒண்ணு வந்து எறங்குது. அவசரக் கதவைப் பின்னாடி நடுவுல இருந்து பக்கவாட்டுக்கு மாத்தறதுக்கு சாதிக்கு யோசனை வெச்சிருக்கறான். என்கிட்ட இன்னும் சொல்லல, ஆனா சாக்பீஸ்ல கோடு போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கறான், நான் பாத்துட்டேன். அது சுத்தமா ஒத்து வராது. ஏன் வராதுன்னு எனக்கு மூணு காரணம் இருக்குது. நாளைக்கு அவன் என்னைக் கேட்டே ஆகணும். நாமக்கல்லுல உக்காந்துக்கிட்டு அதை எப்படிங்க சொல்றது?

நான் வேண்டாம்னு சொல்லுவேன். அதுக்கு மேல அவன் என்ன பண்றாங்கறது அவன் பாடு.